குப்பை எனப்பட்ட டி.என்.ஏ.வின் கதை

வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் நோக்கிச் செல்பவர்களுக்கு நிலத்தின் மாற்றம் கண்ணில் படும். முந்திரித் தோப்புகள் நிற்கும் செம்மண் பின்தங்க, சிமெண்ட் ஆலைகளுக்காகத் தோண்டப்படும் சுண்ணாம்புக்கல் நிலம் தொடங்குகிறது. இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. கிளிஞ்சல்களும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும் இவற்றில் கல்லாகிக் கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா முதலிய நிலவியல் அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை ஆராய்ந்து எழுதியுள்ளனர். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் நீங்களும் இவற்றைக் காணலாம்.

அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தன. அவை அரியலூர்க் கடலில் நீந்திக்கொண்டிருந்த காலத்தில், அதாவது ஏறத்தாழ 8 அல்லது 9 கோடி ஆண்டுகளுக்கு முன், எலிக்கும் மனிதனுக்கும் பொது முன்னோராகிய ஒரு சிறு பாலூட்டி உலகில் வாழ்ந்தது. இதுதான் அது என்று சுட்டிக் காட்டத்தக்க எலும்பு எவரிடமும் இல்லை. ஆயினும் அதன் செல்களில் எழுதப்பட்டிருந்த சில வரிகள், ஓர் எழுத்துக்கூட மாறாமல், உங்கள் உடலிலும் உங்கள் வீட்டுப் பரணில் ஓடும் எலியின் உடலிலும் இன்றும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை இருப்பது, அறிவியலார் நெடுங்காலம் ‘குப்பை’ என்று ஒதுக்கிய பகுதியில்! அந்த எண்ணம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குப்பை என்ற பெயர் வந்த விதம்

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட ஏடு. ஏ, டி, ஜி, சி என்பன அந்த எழுத்துகள். 1953இல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தனர். மனிதனின் ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் உள்ளன. இவற்றுள் புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு, அதாவது ஏறத்தாழ 20,000 ஜீன்களின் புரதப் பகுதி, நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவு. எஞ்சிய 98 பங்கு எதற்காக?

இந்த ஐயத்தை வளர்த்தவற்றுள் நம் சமையலறைப் பொருள் ஒன்றும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் வயல் வயலாக விளையும் சின்ன வெங்காயமும், பெரிய வெங்காயமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வெங்காயத்தின் ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 1,600 கோடி எழுத்துகள் உள்ளன. நம்முடையதைப்போல் ஐந்து மடங்கு! உடலமைப்பின் சிக்கலுக்கும் டி.என்.ஏ.வின் அளவிற்கும் பொருத்தம் இல்லை என்பது இதனால் விளங்கும். எழுத்துகள் யாவும் பயனுள்ளவை என்றால், வெங்காயத்திற்கு நம்மைவிட ஐந்து மடங்கு குறிப்பு எதற்கு?

1972இல் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய-அமெரிக்க அறிஞர் இதற்கு விடை கூறினார். நம் டி.என்.ஏ. முழுவதும் ஜீன்களாக இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் தோன்றும் திடீர்மாற்றங்களின் சுமையைத் தாங்காமல் இனமே அழிந்துவிடும். ஆகவே பெரும்பகுதி பயனற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் இட்ட பெயர்தான் ‘குப்பை டி.என்.ஏ.’ 1977இல் ஜீன்களின் நடுவிலேயே புரதக் குறிப்பு அல்லாத இடைத்துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1980இல் ஆர்கலும் கிரிக்கும் ஒருபுறம், டூலிட்டிலும் சப்பியன்சாவும் மறுபுறம், தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதைத் தவிர வேறு வேலையில்லாத ‘தன்னல டி.என்.ஏ.’ பற்றி எழுதினர். குப்பை என்ற சொல் நிலைத்துவிட்டது.

ஓனோ கூறியது பொறுப்பற்ற பேச்சு அன்று. அவர் கணக்கு பெருமளவு சரியானதே. ஆனால் ‘பெரும்பகுதி’ என்று அவர் சொன்னது, நாளடைவில் பலர் வாயில் ‘முழுவதும்’ என்று ஆகிவிட்டது. பிழை அங்கேதான் புகுந்தது.

வேறுவிதமாக எண்ணியவர்களும் இருந்தனர். ஜீன்களை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்பதற்கும் டி.என்.ஏ.வில் குறிப்பு உண்டு என்று 1961இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஜேக்கபும் மோனோவும் பாக்டீரியாவில் காட்டினர். அணு இயற்பியல் பயின்று உயிரியலுக்கு வந்த ராய் பிரிட்டன், எரிக் டேவிட்சனுடன் சேர்ந்து, உயர் உயிரினங்களிலும் இத்தகைய கட்டுப்பாட்டுப் பகுதிகள் இருக்க வேண்டும் என்று 1969இல் எழுதினார். 1975இல் மேரி-கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும், மனிதன், சிம்பன்சி ஆகிய இரண்டின் புரதங்களும் நூற்றுக்கு 99 பங்கு ஒன்றாகவே உள்ளன. ஆகவே இரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமைக்குக் காரணம் புரதங்களைவிட அவற்றின் கட்டுப்பாட்டில்தான் பெரிதும் இருக்க வேண்டும் என்று கூறினர். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டு வரிகள் எங்கே உள்ளன? 310 கோடி எழுத்துகளில் அவற்றைத் தேடுவது எப்படி?

பாடபேதம் காட்டிய வழி

இதற்கான வழியைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது எளிது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் என்ன செய்தார்? பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஓரிடத்தில் ஏடுகள் வேறுபட்டால் அது பாடபேதம். டி.என்.ஏ.வும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும் ஏடுதான். எலி ஓர் ஏடு, மாடு ஓர் ஏடு, மனிதன் ஓர் ஏடு. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாடபேதங்கள் தெரியும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஓலைச்சுவடியில் பாடம் மாறாமலிருந்தால், எழுதியவர் கவனமாக எழுதினார் என்று பொருள். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் செல்லுக்கு, எந்த வரி முக்கியமானது, எந்த வரி முக்கியமற்றது என்ற அறிவு கிடையாது. பிழை எங்கும் விழும். முக்கியமற்ற வரியில் விழுந்த பிழை அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். முக்கியமான வரியில் பிழை விழுந்தால் அந்த உயிர் நலிந்து, சந்ததியின்றிப் போகும். அந்த ஏடு நமக்குக் கிடைக்காது. ஆகவே பல கோடி ஆண்டுகள் கழித்தும் ஒரு வரி மாறாதிருந்தால், அதில் பிழை விழவில்லை என்று பொருளல்ல. பிழை விழுந்த உயிர்கள் நிலைக்கவில்லை என்று பொருள். அந்த வரி எதற்குப் பயன்படுகிறது என்று தெரியாமலிருந்தாலும், அது பயனுள்ளது என்று ஒப்பிட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கட்டுவிரியன் சொன்ன சாட்சி

புரதக் குறிப்பு அல்லாத டி.என்.ஏ.வை உயிரினத்திற்கு உயிரினம் ஒப்பிட்ட தொடக்கக்கால ஆய்வுகளில் இந்தியர் ஒருவருக்குச் சிறப்பான இடம் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டச் சிற்றூரில் 1947இல் பிறந்த லால்ஜி சிங், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் எடின்பரோ சென்று கென் ஜோன்சுடன் பணியாற்றினார். நம் ஊர்க் கட்டுவிரியனுக்கு உறவான பட்டைக் கட்டுவிரியன் என்ற பாம்பின் பெண்ணிலிருந்து ஒரு சிறு டி.என்.ஏ. பகுதியை அவர்கள் பிரித்தெடுத்து, 1980இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ‘பி.கே.எம்.’ எனப்படும் அப்பகுதியில் ஜி-ஏ-டி-ஏ என்ற நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அது எந்தப் புரதத்திற்கும் குறிப்பு அன்று.

வியப்பு என்னவென்றால், பாம்பின் இந்தத் துண்டு எலியின் டி.என்.ஏ.வோடும் ஒட்டிக்கொண்டது! சிறப்பாக, ஆண் எலியின் ஒய் குரோமோசோமில் அது செறிந்திருந்தது. பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருந்தும் ஆணாக வளரும் ஒருவகை எலிகளில், ஒய் குரோமோசோமின் ஒரு துண்டு எக்ஸ் குரோமோசோமுக்கு மாறிச் சென்றிருப்பதை, இந்தப் பாம்புத் துண்டின் உதவியால் சிங்கும் ஜோன்சும் 1982இல் காட்டினர். மனிதரிலும் இதே தொடர்கள் உண்டு.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. நான்கெழுத்துப் பல்லவி மிகச் சிறியது. ஒரே எதுகை இரண்டு புலவர்களுக்குத் தனித்தனியே தோன்றக்கூடும் அல்லவா? அதுபோல, இத்தகைய தொடர்கள் வெவ்வேறு உயிரினங்களில் தனித்தனியே பெருகவும் கூடும். ஆகவே ஒப்புமை மட்டும் பயனுக்குச் சான்றாகாது. ஆனால் இத்தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1987இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திற்கு வந்த லால்ஜி சிங், இதைக்கொண்டே டி.என்.ஏ. ரேகைச் சோதனையை உருவாக்கினார். கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் எழுந்த தந்தைமை வழக்கிலும், 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் அம்முறை பயன்பட்டது. குப்பை எனப்பட்ட பகுதி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது. 2017இல் மறைந்த லால்ஜி சிங்கை நம் நாடு நினைவில் கொள்வது இதனால்தான்.

அந்தத் தொடர் ஆளுக்கு ஆள் மாறுவதால் பயன்பட்டது. எந்த உயிரிலும் மாறாத நீண்ட வரிகளைத் தேட, ஏடுகள் முழுமையாகக் கையில் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எலியும் மனிதனும்

2000இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கேப்ரியேலா லூட்ஸ், எட்வர்ட் ரூபின் முதலியோர், மனிதனிலும் எலியிலும் ஒத்துள்ள ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்துள்ள பகுதியை ஒப்பிட்டனர். புரதத்திற்கு வெளியே மாறாது நின்ற 90 துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் 401 எழுத்து நீளமுள்ள ஒன்றை நீக்கியபோது, நோய் எதிர்ப்பில் பங்குபெறும் மூன்று ஜீன்களின் உற்பத்தி ஒருசேரக் குறைந்தது. துண்டு ஒன்று, அது கட்டுப்படுத்தும் ஜீன்கள் மூன்று!

2002 டிசம்பரில் எலியின் முழு டி.என்.ஏ. வரிசை வெளியாயிற்று. இயற்கைத் தேர்வின் காவலில் உள்ளது மனித டி.என்.ஏ.வில் நூற்றுக்கு 5 பங்கு என்று அப்போது மதிப்பிட்டனர். புரதப் பகுதி 2 பங்குகூட இல்லை. ஆகவே காவலில் உள்ள எழுத்துகளில் பெரும்பாலானவை புரதத்திற்கு வெளியே உள்ளன என்பது தெளிவாயிற்று.

2004இல் கில் பெஜெரானோ, டேவிட் ஹாஸ்லர் முதலியோர் மனிதன், சுண்டெலி, எலி ஆகிய மூன்றிலும் 200 எழுத்துகளுக்கு மேல் ஓர் எழுத்தும் மாறாத துண்டுகளைத் தேடினர். 481 கிடைத்தன. இது தற்செயலாக நிகழுமா என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். காவலற்ற பகுதியில், மனிதனுக்கும் எலிக்கும் இடையே ஓர் எழுத்து மாறாமல் ஒத்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. தொடர்ந்து 200 எழுத்துகளும் ஒத்திருக்க வேண்டுமானால், மூன்றில் இரண்டை 200 முறை பெருக்க வேண்டும். பெருக்கினால் கிடைப்பது, ஒன்றை 1-க்குப் பின் 35 சுன்னங்கள் இட்ட எண்ணால் வகுத்த அளவினது. 300 கோடி இடங்களில் எங்கேனும் ஒரு துண்டு அப்படி அமையும் வாய்ப்பும், ஒன்றை 1-க்குப் பின் 25 சுன்னங்கள் இட்ட எண்ணால் வகுத்ததைவிடக் குறைவே. ஆனால் கிடைத்தவை 481. தற்செயல் என்று தள்ள இடமே இல்லை.

ஒப்பீடு பாலூட்டிகளோடு நிற்கவில்லை. சிட்னி பிரென்னரின் முயற்சியால், நம் டி.என்.ஏ.வில் எட்டில் ஒரு பங்கே உள்ள ஃபுகு என்ற பேத்தை மீனின் வரிசை 2002இல் வெளியாயிற்று. அதோடு ஒப்பிட்டு, மாறாத ஏறத்தாழ 1,400 துண்டுகளை 2005இல் கண்டனர். சிங்கப்பூரில் ஆய்வு செய்யும் இந்திய வம்சாவளியினரான பைரப்பா வெங்கடேஷ், யானைச் சுறா என்ற மீனை எடுத்துக்கொண்டார். அதன் வழி நம்முடையதிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதிலும் மனிதனோடு ஒத்த துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருப்பதை அவர் குழு 2006இல் காட்டியது.

ஆறாம் விரலும் பாம்பின் கால்களும்

மாறாத வரி என்னதான் செய்கிறது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆறு விரல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. கூடுதல் விரலுக்குக் காரணங்கள் பல. கட்டைவிரல் பக்கம் விரல் கூடுவதற்கான காரணங்களுள் ஒன்றை 2003இல் லெட்டிஸ் முதலியோர் கண்டறிந்தனர். கை கால்களை வடிவமைக்கும் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற ஜீனிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்து தொலைவில், வேறொரு ஜீனின் நடுவே, ஏறத்தாழ 800 எழுத்துள்ள மாறாத துண்டு ஒன்று உள்ளது. அதில் ஒரே எழுத்து மாறினாலும் விரல் கூடுகிறது. வீட்டின் ஒரு மூலையில் உள்ள விசையைத் தட்டினால் மறுகோடியில் விளக்கு எரிவது போன்றது இது. அந்தத் துண்டை எலியிலிருந்து அடியோடு நீக்கினால், கால்களின் கீழ்ப்பகுதியே வளர்வதில்லை என்று 2005இல் தெரிந்தது.

அப்படியானால் காலில்லாத பாம்பில் அத்துண்டு எப்படி இருக்கும்? 2016இல் பெர்க்லியில் இதைச் சோதித்தனர். எலியின் துண்டை எடுத்துவிட்டு மனிதனுடையதை வைத்தபோது எலிக்குக் கால்கள் ஒழுங்காக வளர்ந்தன. மலைப்பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் குறுகிப்போயின. மலைப்பாம்பின் துண்டில் இழக்கப்பட்டிருந்த 17 எழுத்துகளை மீண்டும் சேர்த்து வைத்தபோது எலியின் கால்கள் திரும்ப வளர்ந்தன! கால்களே இல்லாத உயிரில், கால்களுக்கான வரியைக் காப்பதற்குக் காரணம் இல்லை. பிழைகள் சேர்ந்து அது சிதைந்துவிட்டது. மாறாமையின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையைக் காண்பது அரிது.

நீக்கியும் வாழ்ந்த எலிகள்

கதை இதோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். 2004இல் நோப்ரேகா முதலியோர், ஜீன்களே இல்லாத இரண்டு பெரும் பகுதிகளை எலியிலிருந்து நீக்கினர். ஒன்று 15 இலட்சம் எழுத்து, மற்றது 8 இலட்சம் எழுத்து. மனிதனோடு ஒத்துள்ள 1,243 துண்டுகள் அவற்றில் இருந்தன. ஆயினும் எலிகள் நலமாகவே பிறந்து வளர்ந்தன. 2007இல், 481 துண்டுகளைச் சேர்ந்த நான்கைத் தனித்தனியே நீக்கிப் பார்த்தனர். அந்த எலிகளும் வாழ்ந்து குட்டி போட்டன.

இயற்கை 8 கோடி ஆண்டுகள் காத்த வரியை அழித்தும் கேடு இல்லையென்றால், ஒப்பீட்டு முறையே தவறா? விடை 2018இல் கிடைத்தது. டயான் டிக்கல் முதலியோர், மூளை வளர்ச்சிக்கான ஒரு ஜீனின் அருகே உள்ள இத்தகைய துண்டுகளை நீக்கிய எலிகளை நுணுக்கமாக ஆராய்ந்தனர். எலிகள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் மூளையில் குறைகள் காணப்பட்டன. சிலவகை நரம்பணுக்கள் குறைந்திருந்தன. நினைவாற்றலோடு தொடர்புடைய பகுதி செம்மையாக அமையவில்லை. ஆய்வகக் கூண்டில், வேளைக்கு உணவு கிடைத்து, பூனைக்கு அஞ்சாமல் வாழும் எலிக்கு அக்குறை பெரிதாகத் தோன்றாது. வயல்வெளியில் ஆயிரமாயிரம் தலைமுறைகள் வாழும்போது சிறு குறையும் விலை கேட்கும். இயற்கையின் தராசு நம் ஆய்வகத் தராசைவிட நுட்பமானது.

மனிதனில் மட்டும் மாறியவை

மாறாத வரிகளைத் திரட்டிய பிறகு, எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி கேட்கலாம். எல்லா விலங்குகளிலும் மாறாதிருந்து, மனிதனில் மட்டும் மாறிய வரிகள் உண்டா? 2006இல் கேத்தரின் பொல்லார்டு அப்படியொன்றைக் கண்டார். 118 எழுத்துள்ள அத்துண்டில் கோழிக்கும் சிம்பன்சிக்கும் இடையே வேறுபாடு இரண்டே எழுத்து. சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் இடையே 18 எழுத்து! அது கருவில் மூளை வளரும் காலத்தில் செயல்படுவது. 2008இல் ஷியாம் பிரபாகர், ஜேம்ஸ் நூனன் முதலியோர் 546 எழுத்துள்ள மற்றொரு துண்டை ஆராய்ந்தனர். அதில் மனிதனுக்கே உரிய மாற்றங்கள் 16. மனிதனின் துண்டை எலியின் கருவில் வைத்தபோது, பின்னர் மணிக்கட்டும் கட்டைவிரலும் உருவாகும் இடத்தில் அது ஜீனைத் தூண்டியது. சிம்பன்சியின் துண்டு அவ்வாறு வலுவாகத் தூண்டவில்லை. எழுதுகோல் பிடிக்கும் கை எப்படி உருவாயிற்று என்ற கேள்விக்கு இது முழு விடை ஆகாது. ஆயினும் எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது.

எஞ்சி நிற்கும் கேள்வி

2012இல் ‘என்கோடு’ என்ற பெரும் ஆய்வுத் திட்டத்தார், மனித டி.என்.ஏ.வில் நூற்றுக்கு 80 பங்கு ஏதேனும் ஒரு வேதிச் செயலில் ஈடுபடுகிறது என்றனர். ‘குப்பை என்பதே இல்லை’ என்று செய்தித்தாள்கள் முழங்கின. அது மறுகோடிக்குச் சென்ற பிழை. ஒரு வரி படிக்கப்படுவதாலேயே அது தேவையானது என்று ஆகிவிடாது. வெங்காயத்தின் கேள்விக்கும் அவர்களிடம் விடை இல்லை. 2023இல் 240 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு வெளிவந்த ‘சூனோமியா’ ஆய்வு, இயற்கைத் தேர்வின் காவலில் இருப்பது குறைந்தது 10.7 பங்கு என்று கணித்தது. 2 பங்கு மட்டும் என்றதும் தவறு. எல்லாமே என்றதும் தவறு. ஒப்பிட்டுப் பார்த்த பின் கிடைத்த எண் இரண்டிற்கும் நடுவே நிற்கிறது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நீரிழிவு, இதயநோய் போன்ற பொதுநோய்களோடு தொடர்பு காட்டும் டி.என்.ஏ. வேறுபாடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, புரதப் பகுதிக்கு வெளியேதான் உள்ளன. பிறவிக் குறையுள்ள ஒரு குழந்தைக்குப் புரதப் பகுதியை மட்டும் படிக்கும் சோதனையைச் செய்தால், ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வரலாம். காரணமோ 10 இலட்சம் எழுத்து தொலைவில், வேறொரு ஜீனின் நடுவே ஒளிந்திருக்கலாம். எங்கே பார்ப்பது என்பதை எலியும் மாடும் வௌவாலும்தான் மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பாலூட்டி இனமும் ஒப்பீட்டிற்கு உதவும் ஓர் ஏடு என்பதை மறக்கலாகாது. செல்லரித்துப் போன சுவடிகளால் நாம் இழந்த பாடங்களைத் தமிழறிஞர்கள் வருந்திக் குறித்துள்ளனர். ஓர் இனம் அழியும்போதும் அவ்வாறே ஒரு பாடம் போய்விடுகிறது. இன்று கைவசமுள்ள வரிசைகள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணிப்பொறி வசதியுள்ள கல்லூரி மாணவர் எவரும் அவற்றை எடுத்து ஒப்பிடலாம். 481 துண்டுகளில் பலவற்றின் வேலை இன்னும் விளங்கவில்லை. பல ஜீன்களின் கட்டுப்பாட்டு வரிகள் 200 எழுத்துகள் தொடர்ந்து ஒன்றுகூட மாறாதிருக்கத் தேவையில்லை. அங்கங்கே சில மாறினாலும் வேலை நடக்கும். அப்படியிருக்க, இவை மட்டும் ஏன் ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கின்றன என்பதற்கு நிறைவான விளக்கம் எவரும் தரவில்லை. அந்த விளக்கத்தைத் தரப்போகிறவர் இப்போது ஏதேனும் ஒரு வகுப்பறையில் அமர்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.